றுகையாவின் அபாயா

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த மீராசாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

இன்றும் அவள் போகிறாள். கறுப்பு அபாயா, முகத்தை மூடிய துணி, கையில் வாளி. தங்கை றுகையாவின் குசினிக் கதவால் வெளியே வந்து, மாட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தாள்.

"பாத்தியா? றுகையா மக்காவுக்கு உம்றா போய் அஞ்சு நாள்தான். மூணு நாளா சாலிஹ் மச்சான் ஊட்டுக்குள்ள ஒருத்திய வெச்சிரிக்கார்!"

"பால் கறக்க ஆள் புடிச்சிரிப்பார்," என்றாள் மனைவி ஆதிலா.

"கறக்க வாறவள் றுகையாட அபாயாவையா போட்டுக்கிட்டு வருவாள்? கையில உள்ள பூவேலையப் பாரு. பெருநாளைக்கு நான் எடுத்துக் குடுத்தது!"

ஆதிலா பார்த்தாள். அபாயா கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. வந்தவள் நல்ல உயரம்.

"றுகையா இண்டைக்குப் போன் எடுப்பாள். கஃபாவுக்கு முன்னால நிக்கிறவளுக்கு நான் என்ன பொய்யச் சொல்ல?"

நேற்று எடுத்தபோதும் றுகையா புருசன் சாலிஹைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காக்கா, மாடு பால் தருதா?" என்றுதான் அண்ணனிடம் கேட்டாள்.

கேட்கவேண்டிய மாடுதான். சவளக்கடைக் கிராமத்தில் கன்றாக வாங்கி, றுகையா தன் கையால் வளர்த்த ஜேர்சிக் கலப்பு. ஊர் மாடு இரண்டு போத்தல் தருகிற இடத்தில் இது பத்துப் போத்தல் தரும். பாலில் படிகிற ஆடையில் கோழிக்குஞ்சு நடந்து போனதை ஊரே பார்த்திருக்கிறது.

றுகையா போன அன்று கறக்கப் போன சாலிஹ், நெஞ்சில் உதை வாங்கிக்கொண்டு ஒரு தேத்தண்ணிக் கோப்பை பாலோடு திரும்பினார். மறுநாள் அதுவும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து பத்துப் போத்தலும் கடைக்குத் தவறாமல் போகிறது.

"வந்தவள் கைராசிக்காரிதான்," என்று பல்லைக் கடித்த மீராசா, ஆதிலா தடுக்கத் தடுக்க மதிலேறிக் குதித்தார். சாரத்தில் பாதி கிழிந்து மதிலிலேயே நின்றுவிட்டது.

கொட்டிலுக்குள் அவள் மாட்டின் மடிக்கருகே குந்தியிருந்தாள். வாளிக்குள் பால் சர் சர்ரென்று இறங்கியது. மாடு கண்ணைப் பாதி மூடி அசை போட்டுக்கொண்டிருந்தது.

அந்நியப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பது ஹறாம் என்பது அப்போதுதான் மீராசாவுக்கு ஞாபகம் வந்தது. சட்டென்று திரும்பி, வைக்கோல் போரைப் பார்த்துக் கத்தினார்.

"ஆருடி நீ? என்ட தங்கச்சிட குடியக் கெடுக்க வந்தவளே, எழும்புடி வெளிய!"

பால் சத்தம் நின்றது. மாடு காதை விடைத்துக்கொண்டு பின்னங்காலைத் தூக்கியது.

முகத் துணிக்குள்ளிருந்து ஒரு கரகரத்த ஆண் குரல் கெஞ்சியது:

"மெல்லக் கதைங்க மச்சான், நான் றுகையா இல்லையெண்டு மாட்டுக்குத் தெரிஞ்சிரும்!"