மஞ்சள் வானம்

“உன் புருஷனுக்குக் கண்ணு தெரியுதாம்மா?” என்று தலைமைக் கொத்தனார் ஒருமுறை கேட்டபோது, “கழுகுக் கண்ணுங்க” என்று நூஷின் பொய் சொன்னாள். மசூதிச் சுவரில் பதிக்கும் நட்சத்திர வானத்துக்கான வண்ண ஓட்டுச் சில்லுகளை முகம் கவிழ்த்து அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றுவார்கள். அவள் வெட்டிக் கொடுத்ததைக் கணவன் பெஹ்சாத் விரலால் தடவியே அடுக்கிவந்தான்.

“இவ சில்லு வெட்டத்தான் லாயக்கு. அடுத்த மாசம் வேறொருத்தியைக் கட்டிக்கப்போறேன்” என்று அவன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து அவள் வானத்தை மஞ்சளிலும் நட்சத்திரங்களை நீலத்திலும் வெட்டினாள்.

சாந்து இறுகியதும் பலகையை நிமிர்த்தினார்கள்.

“இப்படியொரு நீலத்தை எவனாவது பார்த்திருக்கீங்களாடா?” என்று பெஹ்சாத் மஞ்சளைத் தடவிக் காட்டினான்.

தலைமைக் கொத்தனார் அவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார்.