சராசரி வேகம்

காலை ஆறேகால் மணி. ஏரிக்கரைப் பாதையில் நடப்பவர்கள் நிறைந்திருந்தார்கள். ஐந்து சைக்கிள்கள் வரிசையாக வந்தன. கடைசியில் வந்தவள் சுகிர்தா. முதலில் வந்த பிரசன்னா வளைவிலும் வேகத்தைக் குறைக்காமல், "ஓரம், ஓரம்!" என்று மாடு விரட்டுவதுபோலக் கத்தினான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவர் ஒருவர் எந்த ஓரம் என்று தெரியாமல் திரும்பினார். சைக்கிளின் கைப்பிடி விலாவில் இடிக்க, மல்லாந்து விழுந்தார்.

ஐவரும் பிரேக் பிடித்தார்கள். உடனே கீக் கீக் என்று ஐந்து சத்தங்கள். வேகத்தை அளக்கும் கைக்கடிகாரங்களை நிறுத்திவிட்டார்கள். நிற்கும் நேரம் கணக்கில் சேர்ந்தால் சராசரி வேகம் குறைந்துவிடும். குழுவில் எல்லோருக்கும் கைபழகிப்போன காரியம் அது. பிறகுதான் பிரசன்னா இறங்கினான். இறங்கி, தன் முன்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான்.

"பெருசுங்க நடு ரோட்டுலயே நடந்தா எப்படி?" என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சுகிர்தாவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. கையை எடுக்கப் போனபோதுதான் பார்த்தாள். அவளுடைய விரல் இன்னும் கடிகாரப் பொத்தானின் மேலேயே இருந்தது. ஐந்தாவது சத்தம் அவளுடையது.

விரலைச் சட்டையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். பிறகு பெரியவரைத் தூக்கி உட்காரவைத்தாள். அவர் முழங்கையில் தோல் வழன்று மண் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் ஐந்து பேரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாரும் மணி பாத்தீங்களேம்மா, என்னால வேலைக்கு லேட்டாயிடுச்சா?"