வேரோடு ஒரு பிடி

கேட்டுவிடாதே, அதை மட்டும் கேட்டுவிடாதே என்று இந்திராணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவளும் கணவன் பாலசேகரும் நட்ட வெறும் செடித்தண்டுகள் பாறை இடுக்குகளில் பாய் விரித்ததுபோல ஊதாவாகப் பூக்க மூன்று வருஷம் ஆனது. அதற்குள் அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். இன்று தோட்டத்தில் வந்து நிற்கிறான்.

"வேரோட ஒரு பிடி குடேன், இந்திரா. அவளுக்கு ஊதான்னா உயிர்."

குரலில் பழைய உரிமை அப்படியே இருந்தது, அதுதான் வலித்தது. மண்ணைத் தொட்ட தண்டு ஒன்றின்மேல், வேர் பிடிப்பதற்காக, அவள் ஒரு கூழாங்கல்லை வைத்து அழுத்தினாள்.

"பேசமாட்டியா? இந்தப் பாறையெல்லாம் முதுகொடியத் தூக்கிப் போட்டது நான்தானே?"

"ஆமா," என்றாள் மெதுவாக. "பாறைய எடுத்துட்டுப் போங்க."