மச்சானுக்குத் தலைவலி

"தொட்டுப் பாருங்க மச்சான். குறை மட்டும் சொல்லாதீங்க" என்றார் விற்பனை அதிகாரி.

மச்சான் சிரித்தார். மனைவியின் அண்ணன். கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிறவர். இருபது வருஷமாக அதே தொழில். அதனாலேயே அவருக்கு ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது விற்பனை அதிகாரியின் முடிவு.

டிவிக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு இடம் விட்டு சோபா ஒன்று படுக்கையறைக்குக் குடிபோயிருந்தது. இருந்த பணமெல்லாம் ஸ்பீக்கருக்கே கரைந்துவிட்டதால், அவற்றை ஓட்டி, டிவிக்குப் படத்தையும் அனுப்பும் ரிசீவர் மட்டும் கடையிலேயே மலிவானது. அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

மச்சான் பார்த்தார். குனிந்து அதன் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"மாப்பிள்ளை, ஆறு ஓமுக்குக் குறைஞ்ச ஸ்பீக்கரை மாட்டாதீங்கன்னு இதுலயே போட்டிருக்கு. உங்களது நாலு ஓம். ஓம் குறைஞ்சா கரண்ட் அதிகமா இழுக்கும். அந்த இழுப்புக்கு இந்தப் பெட்டி தாங்காது, சூடாகிடும். சத்தத்தைப் பாதிக்கு மேல வைக்காதீங்க."

"பாதி சத்தத்துல கேக்கவா இவ்ளோ பெருசா வாங்கினேன்?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"மச்சான், இது ஹோம் தியேட்டர். நீங்க கம்பத்துல கட்டுற குழாய் இல்ல."

சமையலறையில் ஒரு கரண்டி கொஞ்சம் ஓங்கி விழுந்தது. அண்ணனைச் சொன்னால் தங்கையிடமிருந்து வரும் சத்தம். அதற்கு ரிசீவர் தேவையில்லை.

மாலையில் மேலாளர் வந்தார், அலுவலகத்து ஆட்கள் நாலு பேரோடு. பதவி உயர்வுப் பட்டியல் அந்த வாரம் அவர் மேசையில் இருந்தது தற்செயல்தான்.

சண்டைப் படம். விற்பனை அதிகாரி சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"எப்படி சார்?"

"என்ன?"

"எப்படி இருக்குன்னு கேட்டேன் சார்!"

"ஒண்ணும் கேக்கலை!"

"அதான் சார் எஃபெக்ட்!"

கதாநாயகன் பாலத்திலிருந்து குதித்தான். பாதி வழியில் சத்தமும் படமும் போய்விட்டன.

எல்லோரும் திரும்பினார்கள். ரிசீவர் பக்கத்தில் மச்சான் நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க. நான்தான் அணைச்சேன். தலைவலி தாங்க முடியலை."

"தலைவலியா? ஊர் காதையெல்லாம் கிழிக்கிற மைக் செட்காரருக்குத் தலைவலியா? பொறாமைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்!"

மச்சான் வாசலுக்கு நடந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனார். வாசல்வரை பின்னாலேயே போன தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"விடுங்க, பேசிக்கிட்டே சாப்பிடலாம்" என்றார் மேலாளர்.

அதன்பிறகு ஒரு மாதம், விற்பனை அதிகாரி இந்தக் கதையைச் சொல்லாத ஆள் அலுவலகத்தில் இல்லை. "நாம நல்லா இருந்தா சொந்தக்காரனுக்கே பொறுக்காது சார்!" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆளுக்கு ஒரு மச்சான் இருந்தார்.

மேலாளரை மறுபடி அழைத்தார். அதே ஆட்கள், அதே படம், முதலிலிருந்து.

"இன்னிக்குத் தலைவலிக்காரங்க யாரும் இல்ல சார். நிம்மதியாப் பார்க்கலாம்."

சத்தம் ஏறியது. ஜன்னல் நடுங்கியது. இந்தமுறை கதாநாயகன் பாலத்துக்கே வந்து சேரவில்லை. அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

ரிசீவர் பக்கத்தில் யாருமில்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. விற்பனை அதிகாரி ஓடிப்போய் அதன்மேல் கைவைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து உதறினார்.

"என்ன சார் இது... யாருமே தொடலையே!"

மேலாளர் சாவகாசமாக எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னிக்கும் யாரும் தொடலை. தானாத்தான் நின்னுது. அதுக்கப்புறம்தான் உங்க மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து அதுக்குப் பக்கத்துல போய் நின்னாரு. இன்னிக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கலாமே?"