கூரையில் ஒரு கண்

ஒரு கண்ணின் விலை முப்பது ரூபாய். சினிமா பேனரில் கதாநாயகிக்கு வரைந்த கண் அது. படம் ஓடி முடிந்ததும் பேனர் அடையாற்றங்கரையில் சுப்பம்மாவின் குடிசைக்குக் கூரையாகிவிட்டது. மழைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்று, ஓவியர் ரகுபதி கேட்டதும் இடது கண்ணை வெட்டிக் கொடுத்துவிட்டாள். ஆழ்வார்பேட்டைக் கண்காட்சியில் இப்போது அதன் விலை மூவாயிரம். இன்று உச்சிவெயிலில், கத்தரிக்கோலோடு வலது கண்ணுக்கும் குடிசைக்குள் வந்து நிற்கிறார். “ஜோடியா இருந்தா மதிப்பே வேறம்மா.” “அதுல நீ இன்னா நைனா வரைஞ்சே?” “கையெழுத்துப் போட்டேனே!” சுப்பம்மா சிரிக்கவில்லை, தரையைக் காட்டுகிறாள். கூரை ஓட்டை வழியே இறங்கிய வெயில், கண் வடிவத்தில் கைக்குழந்தையின் மேல் கிடக்கிறது. “மூணு நாளா புள்ள தூங்கல. அதையே பாத்துக்கினு கீது. அந்தக் கண்ண திருப்பிக் குடு நைனா.” சொல்லிக்கொண்டே பாயை மூலைக்கு இழுக்கிறாள். வெயிலும் மூலைக்கு வருகிறது. குழந்தை வீறிடுகிறது. மேலே மேகம் ஒன்று கடக்க, வெயில் ஒருமுறை இமைத்து, ரகுபதியின் வெள்ளைச் சட்டைமேல் விழிக்கிறது. அவர் ஒரு அடி நகர்கிறார், அதுவும் நகர்கிறது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கத் தொடங்குகிறது. பேனரில் இருந்தவை இரண்டு கண்கள். விற்றது ஒன்று. மீதி இரண்டு: கூரையில் ஒன்று, அவர் சட்டைமேல் ஒன்று.