வாங்கிய மறுநாள்

"பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க சார். அதுக்கு உண்டானதைக் கழிச்சுக்கிட்டுத்தான் மீதியைத் திருப்பித் தர முடியும்" என்றார் வண்டிக் கம்பெனியின் ஆள்.

"ஓட்டாம? ஸ்கூல் வேன் தம்பி அது. கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பாக்கவா வாங்கினேன்?"

நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, கண்ணாடி அணிந்த பெண்மணி. இந்தப் பக்கம் வேன்காரர். அவருக்கு அடுத்த நாற்காலியில் தையல்காரி. அவள் மகள் அந்த வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். சாட்சி சொல்வதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

வேனின் பிரேக் கோளாறு என்பதில் தகராறு இல்லை. வாங்கிய ஏழாவது மாதம் அது பள்ளி வாசலில் நிற்காமல் நடைபாதையில் ஏறி, மதிலில் இடித்து நின்றது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பிறகு ஐந்து முறை பழுது பார்த்தும் சரியாகவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கம்பெனியே சம்மதித்துவிட்டது. கழிவில்தான் பேச்சு நின்றது.

"உங்க ஒர்க்‌ஷாப்ல மாசக்கணக்கா படுத்துக் கிடந்துச்சே, அதுக்கு வாடகை கேக்காம விட்டீங்களே" என்றார் வேன்காரர்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். "கோளாறுன்னு நீங்க முதல்ல சொன்ன நாள் வரைக்கும் ஓடின தூரத்துக்குத்தான் கழிப்பாங்க. அதுவரைக்கும் வண்டி உங்களுக்கு ஒழுங்கா உழைச்சிருக்குன்னு அர்த்தம். நீங்க எழுதிக் கொடுத்தது ஏழாவது மாசம், மோதின அன்னிக்கு."

"எவ்வளவு போகும் மேடம்?"

"விலையில அஞ்சுல ஒரு பங்கு."

வேன்காரர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அது போனா நான் இன்னொரு வேன் எடுக்க முடியாது மேடம். எனக்கு வேற தொழிலும் தெரியாது."

"எழுத்துலதான் சொல்லியிருக்கணும்னு இல்ல. அதுக்கு முன்னாடி வாயால எப்பவாவது சொன்னீங்களா?"

வேன்காரர் நிமிர்ந்தார்.

"வாங்கின மறுநாளே சொன்னேன்."

கம்பெனி ஆளின் பேனா நின்றது. "மறுநாளேவா?"

"மறுநாளேதான். முதல் டிரிப். பெடலை மிதிச்சா தரை வரைக்கும் போகுது, ரெண்டாவது மிதியிலதான் பிடிக்குது. நேரா உங்க ஷோரூமுக்கு வந்தேன். கவுண்டர்ல இருந்தவர், புது வண்டிதானே, ஓட ஓடச் சரியாயிடும்னார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். சொல்றதை அப்படியே எழுதிக்குவாங்க."

"எழுதட்டும். பணம்னு வந்ததும் காது மந்தமாயிடுச்சா தம்பி?"

தையல்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இதுக்கு ஏதாவது ஆதாரம்?" என்றார் அதிகாரி.

வேன்காரரிடம் ஒன்றும் இல்லை. தையல்காரி எழுந்து நின்றாள்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? மூணு வருஷமா என் பொண்ணு இவர்கிட்டதான் போறா. பழைய வேன்லயும் இவர்கிட்டதான். எங்க அண்ணே இருக்கீங்கன்னு போன் பண்ணா, கிளம்பலைன்னா கிளம்பலைன்னுதான் சொல்வார். இதோ தெருமுனைக்கு வந்துட்டேன்னு சொல்ற ஆள் இல்ல. மறுநாள்னு இவர் சொன்னா மறுநாள்தான்."

அதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பெனி ஆளைப் பார்த்தார்.

"அந்தக் கவுண்டர்காரர் வேலையை விட்டுப் போயிட்டார்" என்றார் அவர். "மறுத்துச் சொல்ல எங்ககிட்ட யாரும் இல்ல."

அதிகாரி எழுதினார். கழிவு இல்லை, முழு விலையும் திருப்பித் தர வேண்டும். தான் சொன்னதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, வேன்காரர் அடியில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் தங்கச்சி! அடுத்த வாரம் புது வேன். பாப்பாவுக்கு எந்த சீட் வேணும்னு கேட்டு வை."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் அண்ணே, மறுநாளே தெரியுமா?"

"என்னது?"

"பிரேக் பிடிக்கலைன்னு."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"ஐயையோ, அது உள்ள சொன்னது தங்கச்சி. அப்படிச் சொன்னாத்தானே கழிக்கமாட்டாங்க? மோதின அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். பிள்ளைங்களை ஏத்துற வண்டி, தெரிஞ்சே ஓட்டுவேனா?"

"அந்தப் பெடல், ரெண்டாவது மிதி, அதெல்லாம்?"

"மெக்கானிக் பிற்பாடு சொன்னது. அதை முன்னாடி தள்ளிச் சொன்னேன், அவ்வளவுதான்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் மகளை ஏற்றிவிடும்போது பார்க்கிற முகம்தான்.

"என்னம்மா, நம்பலையா?"

"நீங்க உள்ள சொன்னது பொய்யாவே இருக்கணும்னு வேண்டிக்கிறேன் அண்ணே" என்றாள்.