கமாலுதீன் பாய் கரையேறிய ஊர்

"மொத்தமே முப்பது வூடு. காலைல பனி இறங்கிச்சின்னா அதுவும் தெரியாது. கோயில் மணி மட்டும் கேக்கும். மாடுங்க அந்த மணியைக் கேட்டுகினே தானா நடந்து போவும்."

அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த நீலாவின் கை நின்றுவிட்டது.

கமாலுதீன் பாய் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். உலக யுத்தத்தில் கப்பல் உடைந்து, பிரான்சு தேசத்துக் குக்கிராமம் ஒன்றில் கரையேறி, மூன்று வருஷம் அங்கேயே கிடந்தவர். இப்போது ராயபுரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மசாலா அரைப்பது நீலாவின் வேலை.

"அப்பறம் பாய்?"

"அப்பறம் இன்னா, கை நீளத்துக்கு ரொட்டி. பொம்பளைங்க அதை அக்குள்ல இடுக்கிகினு போவாங்க. சாயங்காலம் ஆம்பளைங்க மரத்தடியில இரும்பு குண்டு உருட்டுவாங்க. யாரு குண்டு கிட்ட வந்திச்சின்னு அரை விரக்கடைக்கு அப்டி சண்டை போடுவாங்க. மேல ஆப்பிள் பூ கொட்டிகினே கீது, ஒருத்தனும் நிமிந்து பாக்க மாட்டான்."

நீலா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பூ அவள் தலையிலும் விழுந்தது. அங்கே போய்விட்டால் நீ யார், எவர் என்று ஒரு ஜீவன் கேட்காது.

இந்தத் தெருவும் இருக்கிறதே! மண்டையை உடைத்த புருஷனுக்குத் தப்பி, பொன்னேரியிலிருந்து அவள் ஓடிவந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் குழாயடியில் அவள் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது.

"புருஷனை வுட்டு ஓடியாந்தவளுக்குப் பூ ஒரு கேடா?" என்று காதுபடவே சொல்வாள் எதிர்வீட்டு கெங்கம்மா. அவள் வாயில் விழுந்தது எண்ணூர் வரைக்கும் போகும். அங்கிருந்து பொன்னேரிக்குப் போக எத்தனை நேரம் என்பதுதான் நீலாவின் பயம்.

"நீலான்னு ஒருத்தி இங்க வந்தாளா?"

தெருவில் குரல். அவன்தான், அவள் புருஷன் சுப்புராஜ்.

நீலா கதவிடுக்கில் பார்த்தாள். குழாயடி வரிசையில் அவளுடைய பித்தளைக் குடம் நின்றது. கல்யாணச் சீராக அம்மா கொடுத்தது. அதன் கழுத்தில் பெரிசாக அவள் பேர் வெட்டியிருந்தது.

சுப்புராஜ் குனிந்து பார்த்தான். "இது அவ குடமாச்சே!"

குழாயடியே கெங்கம்மாவைப் பார்த்தது.

"உன் சம்சாரத்துதா நைனா?" என்றாள் கெங்கம்மா நிதானமாக. "சேட்டு கடையில அடகு மூழ்கிப்போச்சின்னு ஏலம் போட்டான், எடுத்தேன். எவ வச்சாளோ, எந்த ரயிலு ஏறினாளோ. நவுந்துக்கோ, தண்ணி நின்னுடும்."

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தெருமுனை தாண்டிப் போய்விட்டான்.

நீலா அம்மியடியில் உட்கார்ந்து அழுதாள். வெளியே கெங்கம்மாவின் குரல் மறுபடி கிளம்பியது.

"கட்டினவன் தேடிகினு வந்து நிக்கிறான், எட்டிப் பாத்தாளா பாரேன். இன்னா திமிரு அவளுக்கு!"

நீலா அழுகையோடு சிரித்துவிட்டாள். "நீங்க கரையேறின ஊர்ல இப்டியெல்லாம் பேசமாட்டாங்க, இல்ல பாய்?"

"யாரு சொன்னது? மூணு வருசமும் என் கறுப்பைப் பத்தி, நான் துன்றதைப் பத்தி வம்பு பேசாத ஆளு கிடையாது தங்கச்சி. ஜெர்மன்காரன் துப்பாக்கியோட வந்து கேட்டன்னிக்கு மட்டும், முப்பது வூட்ல ஒருத்தரும் என்னைப் பாத்ததே இல்லைன்னுட்டாங்க."